பழைய மரம் எங்கே போனது

கணக்கு வாசிக்கும் நாளில் நான் டீ குடிப்பதில்லை, ஐயா. தொண்டை கட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை பெற்றோர்களைக் கூட்டி, எங்கள் ஆறு பள்ளிகளின் வரவு செலவைக் கல்வி அலுவலகத்தின் சார்பில் நான்தான் வாசிப்பேன். கடைசி வரிசைவரை கேட்க வேண்டும். மக்கள் பணம் இல்லையா.

ஆறில் ஒரு பள்ளிக்கு என் அக்கா தலைமை ஆசிரியை. அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது. தலை துவட்டிவிட்டதிலிருந்து இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததுவரை எல்லாம் அவள்தான்.

அந்த ஆண்டு அவள் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் கூரைக்கு உத்தரம் மாற்றப் பணம் வந்தது. அதே மாதம் என் மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. எடுத்தேன் என்று சொல்லமாட்டேன், கைமாற்றாக வைத்துக்கொண்டேன். மழைக்கு முன் திருப்பிவிடுவதாகத்தான் எண்ணம். விடுமுறையில் கூரைக்கு அடியிலிருந்த பலகைகளுக்கு மட்டும் வெள்ளை அடிக்கச் சொன்னேன். அதற்கு மேலே செல்லரித்த மரம் அப்படியே இருந்தது. மற்ற ஐந்து பள்ளிகளிலும் ஏணி போட்டு ஏறிப் பார்த்திருப்பார்கள். அக்காவோ, வேலை முடிந்ததாகச் சொல்லும் சான்றிதழில் கண்ணாடிகூடப் போடாமல் கையெழுத்திட்டாள்.

"நீ பாத்துட்டேல்ல? அப்புறம் நான் எதுக்குப் பாக்கணும்?"

கூட்டத்தில் ஒரு தையல்காரர் எழுந்தார். அவர் மகள் அந்த வகுப்பில்தான் படித்தாள்.

"உத்தரம் மாத்தினதா வாசிச்சீங்க. நல்லது. பழைய மரம் எங்க போச்சு? பள்ளிக்கூடத்த விட்டு ஒரு கட்டைகூட வெளிய வரலையே?"

நான் சான்றிதழைத் தூக்கிக் காட்டினேன். வாய் திறப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"என் தம்பி கூடவே நின்னு பாத்திருக்கான். அதுக்கு நான் பொறுப்பு."

அவள் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மழை இரண்டு வாரம் முந்திக்கொண்டது. கூரை விழுந்தது காலை பத்தேகாலுக்கு, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது. இரண்டு குழந்தைகள். ஒருத்தி தையல்காரரின் மகள்.

அக்காவுக்கு ஏழு ஆண்டு தண்டனை. "தம்பி பேர இழுக்காதீங்க, பாத்திருக்க வேண்டியது நான்" என்று வக்கீலிடம் சொல்லிவிட்டாள். சாட்சிக் கூண்டில் என்னிடம், கையெழுத்து அவளுடையதா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அது உண்மைதானே.

மாதம் தவறாமல் போய்ப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டில், நெஞ்சுவலி அவளைக் கொண்டுபோவதற்கு முந்தின மாதம், கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"மரம் மாத்தினத நீ கண்ணால பாத்ததானே தம்பி? மழைதான் கெடுத்திடுச்சு, இல்ல?"

"பாத்தேன்க்கா. நல்ல மரம்."

அவள் முகம் தெளிந்தது. "அது போதும்டா" என்றாள்.

தையல்காரர் விடாமல் மனுப் போட்டு வெளியே எடுத்த மரக்கடை ரசீது நான் எழுதியதுதான். அப்படி ஒரு கடையே கிடையாது. அந்தக் குழந்தைகள் இரண்டும், அக்காவும் என்னால்தான் போனார்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும், ஐயா. தம்பி ஏமாற்றவில்லை என்ற நிம்மதியோடுதான் அவள் கண்ணை மூடினாள். அதையாவது நான் அவளுக்குச் செய்தேன்.