போனில் கேட்ட அருவி

— கேட்குதாங்க?

— போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடி. உன் மூச்சுதான் கேட்குது.

— மலை ஏறி வந்தவளுக்கு மூச்சு வாங்காதா? இப்போ?

— ம்ம்... இப்போ கேட்குது. என்ன, சத்தம் இவ்ளோ ஒல்லியா இருக்கு?

— மழை கம்மியாம்.

— யாரு சொன்னது?

— உங்க இடத்துக்கு வந்திருக்கிற புது ஃபாரஸ்ட் கார்டுதான். நான் உங்க வீட்டுக்காரின்னதும் டிக்கெட்கூட வேணாம்னுட்டார். கால் எப்படி இருக்குன்னு விசாரிச்சார்.

— இருந்தாத்தானே எப்படி இருக்குன்னு சொல்ல.

— ஆரம்பிச்சிட்டீங்களா...

— சரி சரி. என்ன தெரியுது, சொல்லு.

— மேலேர்ந்து விழுந்து... நடுப்பாறையில இடிச்சு ரெண்டா பிரியுது. கீழ வந்து மறுபடி சேர்ந்துக்குது.

— பாறை?

— கருப்பு. எண்ணெய் தேய்ச்ச முதுகு மாதிரி.

— அது நான் சொன்னதாச்சே!

— பார்த்தா அப்படித்தான் இருக்கு. நான் என்ன பண்ண?

— குரங்கு வந்துச்சா?

— ஒண்ணு என் பையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கு.

— நாலு நாளா பட்டினின்னு மூஞ்சிய வச்சிருக்குமே. எதுவும் குடுத்துடாதே.

— வேலை போயும் அதிகாரம் போகலை.

— இருபத்திரெண்டு வருஷம்... ஊர்ப்பட்ட ஜனத்தைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். உன்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போகலை.

— லீவு நாள்லதான் உங்களுக்கு வேலையே. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு...

— அடுத்த மாசம் எங்க ஓடிடப் போகுதுன்னு நெனைச்சேன்.

— விடுங்க, அதெல்லாம் இப்போ எதுக்கு...

— அழறியா?

— சாரல் அடிக்குது. முகமெல்லாம் நனைஞ்சிடுச்சு.

— போதும், குழாயை மூடு. தண்ணி வீணாப் போகுது.

— ...என்னங்க?

— செக்போஸ்டுக்குப் பின்னாடி, ஜீப் கழுவுற குழாய்தானே அது?

— எப்படி...

— அருவிகிட்ட ஏதுடி சிக்னல்? யாராவது வழுக்கி விழுந்தா, மூணு கிலோமீட்டர் செக்போஸ்டுக்கு ஓடி வந்துதான் நான் போன் பண்ணுவேன்.

— செக்போஸ்ட் கேட் வரைக்கும் வந்தேங்க. நீங்க இல்லாம உள்ள போக மனசு வரலை. எனக்காகப் பார்த்துட்டு வான்னு அவ்ளோ ஆசையா அனுப்பினீங்களே, போகலைன்னா நொந்துடுவீங்களேன்னு... தெரிஞ்சும் ஏன் இவ்ளோ நேரம் பேசவிட்டீங்க?

— அனுப்பிட்டேனே தவிர... நீ பஸ் ஏறினதுலேர்ந்து, நான் இல்லாம இவ பார்த்துடக் கூடாதேன்னுதான்டி படுத்துக் கிடந்தேன்.