களைக்குள் மறைத்த வல்லாரை

ஓடுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை. தேயிலை மலையிலிருந்து எங்கள் லயத்து வீடுகளுக்கு இறங்கும் படி வழுக்குகிறது. கீழே டக், டக், சர்ர். புல்லைக் கொல்ல மருந்தடிக்கும் முதுகு டாங்கியின் சத்தம். யாரோ கத்துகிறார்கள்.

"மருந்து அடிக்கிறாங்க, புள்ளைங்கள உள்ள தூக்குங்க!"

என் முழங்கால் தானாக மடிகிறது. கத்தல் கேட்டால் குப்புற விழுந்து பழகிய உடம்பு. எழுந்து ஓடுகிறேன். என் வல்லாரை அங்கே இருக்கிறது.

கலவரத்தில் இந்த மலையகத்து டிக்கோயாவை விட்டு வன்னிக்கு ஓடியவர்கள் என் பெற்றோர். அங்கேதான் பிறந்தேன், கட்டிக்கொண்டேன். போரின் கடைசியில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில், கிணற்றடியில், என் மகள் செல்வி வல்லாரை நட்டாள். அரிசி தீர்ந்தது. அந்த இலையைத்தான் தின்றோம். அதைப் போலவே ஒரு களையும் கூட முளைக்கும். காம்பு இலையின் நடுவில் இருந்தால் களை. இலையின் விளிம்பு வெட்டில் சேர்ந்தால் வல்லாரை. தினமும் களையைப் பிடுங்கிப் போடுவாள்.

ஒரு மத்தியானம் ஷெல் விழுந்தது. அவளும் போனாள். அவள் அப்பாவும் போனார். ஒரு கொடியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நடந்தேன். முகாமில் பால்மா டின்னில் வளர்த்தேன். பிறகு பெற்றோர் வேலை செய்த டிக்கோயா தேயிலைத் தோட்டத்துக்கே வந்தேன். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் வடியும் கானோரத்தில் நட்டேன். அது படர்ந்தது. வேலை முடிந்து வந்தால் அதோடுதான் பேச்சு. வேறு யார் இருக்கிறார்கள் எனக்கு?

கண்ணில் பட்டால் சம்பல் அரைக்கக் கிள்ளிப் போவார்கள் என்று பயம். அதனால் சுற்றிலும் களையை வளரவிட்டேன். வன்னியில் பதுங்குகுழியைத் தழை போட்டு மூடுவோம். மறைத்தது தப்பிக்கும். அப்படித்தான் பழகியிருந்தேன்.

"நிப்பாட்டுங்க தம்பி!" என்று கத்திக்கொண்டே கானோரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

மருந்தடிக்கும் பையன் திரும்பினான். இலைகளில் மருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வல்லாரையா அக்கா? வெறும் பில்லா கெடந்துச்சு. களைய புடுங்கியிருந்தா தெரிஞ்சிருக்குமே."

அவனைக் கோபித்து என்ன செய்ய? வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். சனிக்கிழமைக்குள் எல்லாம் மஞ்சளித்துச் சுருண்டன. களை எது, வல்லாரை எது என்று எனக்கே தெரியவில்லை.

இழந்தவர்கள்: கணவர். மகள் செல்வி. இழந்தது: அவள் நட்ட வல்லாரை. அவள் கை பட்டதில் இன்னும் உயிரோடு இருப்பது நான் ஒருத்திதான்.