எட்டாவது எழுத்து

ஆர்வல்: ...பெடலை நாலு தடவ மிதிச்சா கிளம்பிடும்னு சொல்றேன். கார்புரேட்டர் வண்டிக்கு அதான் மருந்து.

ராண்டா: பெரியவரே, மெக்கானிக்கு நான். எண்பத்தாறு மாடல் இது. கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கிற எஞ்சின்.

ஆர்வல்: கிடையாதா? ஒரு பனிக்காலம் முழுக்க அதுக்குள்ள தவளை குடியிருந்துச்சு. கியர் மாத்தறப்பல்லாம் ஒரு தடவ கத்தும்.

வெர்லா: கட்டின பாவத்துக்கு அந்தத் தவளையை அம்பது தடவ கேட்டுட்டேன்.

ஆர்வல்: எப்படியாவது ஓட வை, ராண்டா. டவுனுக்கு இருபது மைல். வண்டி நின்னா நானும் நின்ன மாதிரி.

ராண்டா: இறங்கி வாங்க. முன்கண்ணாடிக்கு அடியில வண்டியோட அடையாள எண் பொறிச்ச தகடு இருக்கு பாருங்க, அதுல எட்டாவது எழுத்து என்ன எஞ்சின்னு சொல்லிடும். படிங்க.

ஆர்வல்: ...கண்ணாடி ஒரே தூசி.

ராண்டா: இப்பதான் தொடைச்சேன்.

ஆர்வல்: நம்ம ஊரு நெப்ராஸ்கா தூசி. தொடைக்கத் தொடைக்க வளரும்.

ராண்டா: ...சரி, ஏறி சாவியைத் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம். டேங்க்ல இருக்கிற பெட்ரோல் பம்பு ரெண்டு செகண்டு முனகணும். கேக்குதா?

ஆர்வல்: இல்ல.

ராண்டா: ஃபியூஸ் நல்லாருக்கு. அப்போ... வெர்லாம்மா, காலை நகத்துங்க. அந்தச் சின்னப் பெட்டி... ஆங், பட்டன் எழும்பியிருக்கு. வண்டி மோதினா தீப்பிடிக்காம பம்பை நிறுத்துற பட்டன்.

ஆர்வல்: நான் எதுலயும் மோதல.

ராண்டா: மோதாம எப்படிப் பெரியவரே...

வெர்லா: ஒதைச்சாலும் எழும்பும்.

ராண்டா: ...என்னம்மா சொல்றீங்க?

வெர்லா: நேத்து ஸ்கூல் பஸ் நின்னுது. எல்லா வண்டியும் நிக்கணும்னு அதுல சிவப்பு விளக்கு எரியுது, புள்ளைங்க இறங்குது. இவரு பாட்டுக்குத் தாண்டிப் போறாரு. ஒரு பொண்ணு பின்னால குதிச்சதால தப்பிச்சா... தபாலாபீஸ்ல இவர் இறங்கினதும் அந்தப் பெட்டியை ஒதைச்சேன். மூணு தடவ. போன வருஷம் தெரியாம என் கால் பட்டு வண்டி நின்னது ஞாபகம் இருந்துச்சு.

ராண்டா: பட்டனை அமுக்கினா இப்பவே கிளம்பிடும். பெரியவரே... அமுக்கவா?

ஆர்வல்: வேணாம்.

வெர்லா: எம்மேல கோவமா?

ஆர்வல்: இத்தன வருஷம் ஓட்டுறேன், அந்தப் பட்டன் எங்கிருக்குன்னு எனக்குத் தெரியாதா, வெர்லா? நேத்தே தடவிப் பாத்தேன். நீதான்னு புரிஞ்சுது. அமுக்க மனசு வரல... எஞ்சின் செத்துருச்சுன்னு ராண்டா வாயால சொல்லிட்டா, ஊர்ல எல்லார்கிட்டயும் என் கண்ணுக்குப் பதிலா எஞ்சின் மேல பழியைப் போட்டுடலாம்னு இங்க இழுத்துட்டு வந்தேன்.