செராமிக் போட்ட வண்டி

வண்டிக்கு எந்த ஆயில் நல்லது என்று யாரைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவார்கள், மேடம். வண்டியே இல்லாதவர்கள் இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள். ராஜபாளையத்தில் பதினெட்டு வருடமாக கார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எங்கள் ஊருக்கு இருக்கிற ஞானம் வேறு எதிலும் கிடையாது. உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள் என்று பேப்பரும் பேனாவும் கொடுத்தீர்கள். பேனா நன்றாக எழுதுகிறது. ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

செராமிக் என்பது சின்ன வெள்ளி நிற டப்பாவில் வரும். என்ஜின் ஆயிலோடு சேர்த்து ஊற்ற வேண்டும். உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிற இடத்தில் பீங்கான் பூச்சு மாதிரி படிந்துவிடும் என்று கம்பெனிக்காரர்கள் மதுரைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒரு வீடியோவும் காட்டினார்கள். ஆயிலை மொத்தமாக வடித்துவிட்ட பிறகும் ஒரு கார் மலைப்பாதையில் ஏறிப் போகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று அவர்கள் போட்ட பிரியாணியில் காரமும் கொஞ்சம் தூக்கல்.

நிஜமாகவே அது வேலை செய்யுமா என்று கேட்டீர்கள். ஊற்றிய ஆட்கள் எல்லோரும், "சவுண்டு குறைஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றுதான் சொன்னார்கள். எதிர்ச்சாரியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சமுத்திரம் மட்டும், காசு கொடுத்தவன் காதுக்கு அப்படித்தான் கேட்கும் என்பான். அவன் வாய்க்கு நான் பழகியவன்தான். ஆனால் ஒருநாள் கார் ஸ்டாண்டில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு பேசிவிட்டான்.

"ஏலே ஞானராஜு, என்ஜின் என்ன பாத்ரூமா, டைல்ஸ் ஒட்டுறதுக்கு? அம்புட்டு நம்பிக்கை இருந்தா ஆயில வடிச்சிட்டு ஒரு வண்டிய ஓட்டிக் காட்டு. பொறவு நான் கடைய மூடிட்டுப் போறேன்."

அன்றிலிருந்து எனக்கு டைல்ஸ் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கினால், பாடகர் குழுவில் ஒருத்தர் "ஸ்தோத்திரம், டைல்ஸ் அண்ணாச்சி" என்கிறார். பக்கத்தில் என் மனைவி கேத்ரின் நிற்கிறாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினெட்டு வருடம் சம்பாதித்த பெயர் ஒரே வாரத்தில் போனது மேடம். வலித்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

என்னை நம்பியது ஜபருல்லா பாய் ஒருத்தர்தான். என் கடைக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். பழைய டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கடைசி இரண்டு ஆயில் சர்வீஸுக்கும் செராமிக் ஊற்றியிருந்தார். வெள்ளிக்கு வெள்ளி ஜும்மா முடிந்து வந்ததும் பானட்டைத் தூக்கி, ஆயில் ஸ்டிக்கை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து ஆயில் அளவைப் பார்ப்பார். மற்ற நாளில் தொடமாட்டார். ஸ்டாண்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

அதனால் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

வண்டியை என் கடைச் சந்தில்தான் நிறுத்துவார். சாவியும் என்னிடம் இருக்கும். காலை ஒன்பது மணிக்கு அடியில் படுத்து போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்தேன். சொட்டு விடாமல் வடியட்டும் என்று காத்திருந்து போல்ட்டைத் திரும்ப மாட்டினேன். செய்வதைத் திருத்தமாகச் செய்ய வேண்டும். ஆயில் இல்லாவிட்டால் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரியும். அது எரிந்தால் டிரைவர் பதறி வண்டியை நிறுத்திவிடுவார், சோதனை கெட்டுவிடும். ஆகவே அதற்குப் போகிற வயரையும் கழற்றினேன். அடுத்த வெள்ளி, பாய் ஸ்டிக்கை உருவும்போது ஸ்டாண்டையே கூட்டி வைத்துக் காட்டுவதுதான் திட்டம். ஓசியாக ஊற்றப் புது ஆயில்கூட எடுத்து வைத்திருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். பாயின் மனைவி ஹாஜராவுக்கு நெஞ்சுவலி. தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். நல்ல பெண் மேடம். நோன்பு மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குக் கஞ்சி கொடுத்துவிடுவாள். சமுத்திரம் தன் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். பின்கதவையும் திறந்துவிட்டான்.

"இதுல படுக்க வச்சே கொண்டுபோயிரலாம் பாய், ஏத்துங்க" என்றான்.

பாய் என்னைப் பார்த்தார். "அண்ணே, நம்ம வண்டி மதுரை வரைக்கும் தாங்குமா?"

அப்போது சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். யோசித்தேன். ஸ்டாண்டு ஆட்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். வேன் கதவைப் பிடித்தபடி சமுத்திரம் நின்ற நிற்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

"தாராளமா போங்க பாய். செராமிக் போட்ட வண்டி" என்றேன்.

ஹாஜராவைப் பின்சீட்டில் ஏற்றியது நான்தான். தலைக்குத் தலையணை வைத்தேன். "வாரேன் அண்ணே" என்றாள். வெயில் படாமல் இருக்கக் கண்ணாடியில் ஒரு துண்டும் மாட்டிவிட்டேன். இதையெல்லாம் வேறு யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைய இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது என்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. பாய் நடுரோட்டில் கையை நீட்டிக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நின்றிருக்கிறார். கடைசியில் வாழைத்தார் ஏற்றிப்போன ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போது ஹாஜரா இல்லை. அடக்கத்தன்று நான் அழுத அழுகையை ஊரே பார்த்தது. அது நடிப்பு இல்லை. பாய்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கண்ணே, நீங்க என்ன செய்வீய" என்று தேற்றினார்.

சமுத்திரம் என்ஜினைப் பிரித்துப் பார்த்ததும் வயர் கழன்று கிடந்ததும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வடித்தது நான். வயரைக் கழற்றியது நான். வேனைத் திருப்பி அனுப்பியதும் நான். எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொட்டு ஆயில் இல்லாமல் அந்த வண்டி ஒன்பது கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதையும் கேஸ் கட்டில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். சமுத்திரத்திடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், இந்தச் சோதனையை என் காரில் செய்திருக்கலாமே என்று. என் காரில் நான் செராமிக்கே ஊற்றவில்லை. புது வண்டி மேடம். என்ஜினுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?