முப்பத்திரெண்டு இஞ்ச்

இல்லைங்க பாய், மாத்த வரல. வெறுங்கையோடதான் வந்திருக்கேன், பாருங்க. ரெங்கராஜ் மறுபடி கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டான்னு பயந்துட்டீங்களாக்கும்.

டீயெல்லாம் வேணாம்.

உங்க மேல என்ன தப்பு? ஃபுல் எச்டிக்கு இருபத்திநாலு இஞ்ச்தான் சரி, மேல போனா எழுத்து பிசிறடிக்கும்னு மொதல்லயே சொன்னீங்க. நாந்தான் கேக்கல. பெரிய ஸ்க்ரீன்னா பெரிய எழுத்துன்னு நெனச்சு, இருபத்தேழுல டூ கே வாங்கிட்டுப் போனேன். மாட்டிப் பாத்தா எழுத்து முன்னவிடப் பொடிசு. புள்ளி கூடுனா எழுத்து சுருங்கும்னு நீங்க வெளக்குனப்பறந்தான் புத்தியில ஏறிச்சு.

செட்டிங்ல பெருசு பண்றதுதானே? அதுவும் பண்ணியாச்சு. பத்தலன்னுட்டா என் வீட்டுக்காரி. அதான் முந்தாநேத்து இந்த முப்பத்திரெண்டு, சாதா ஃபுல் எச்டி. புள்ளி புள்ளியாத் தெரியும்ணேன்னு தலையில அடிச்சுக்கிட்டீங்க. தெரிஞ்சாத் தெரியட்டும், எழுத்து பெருசா இருந்தாப் போதும்னு தூக்கிட்டுப் போயிட்டேன்.

கலைமதிக்கு வேலை அப்படி பாய். கல்யாணப் பத்திரிகை டைப் பண்றது. திருவானைக்காவல்ல எங்க வீட்டுலேருந்தே பிரஸ்ஸுக்கு அனுப்பிடுவா. நான் ஸ்க்ரீனுக்குப் பின்னாடி, கட்டில்ல உக்காந்து, எழுதிக் குடுத்த பேப்பரப் பாத்து சொல்லுவேன், அவ அடிப்பா. முடிஞ்சதும் ஸ்க்ரீனப் பாத்து அவ சத்தமா வாசிப்பா, நான் பேப்பரோட ஒத்துப் பாப்பேன். கல்யாணமான நாள்லேருந்து எங்க காலை நேரம் இதுதான். அவ வாசிக்கிறதக் கேக்க எனக்கு அவ்ளோ பிடிக்கும்.

இப்பக் கொஞ்ச நாளா அச்சுல தப்பு. வாசிக்கிறப்ப ஒண்ணும் தெரியல, பிரஸ்காரர் மட்டும் சத்தம் போடுறாரு. ஸ்க்ரீன் சின்னதுங்க, அதான்னா.

கண்ணாஸ்பத்திரிக்கா? கூப்பிடாம இருப்பனா? கண்ணுக்கு என்ன கேடு, ஸ்க்ரீன மாத்துங்கன்னு சாதிச்சுட்டா. அவங்க அம்மாவுக்கும் இந்த வயசுலதான் பார்வை போச்சு. அத நெனச்சா எனக்கே பயம். அதான் ஸ்க்ரீன்தான் காரணம்னு நானும் நம்பிக்கிட்டேன்.

நேத்துக் காலையில பெட்டியப் பிரிச்சு மேசையில வெச்சேன். கரண்ட் வயரச் சொருகுனேன். அதுக்குள்ள கேஸ்காரர் வந்துட்டாரு. சிலிண்டர உள்ள வெச்சுட்டு வரேன், இவ கம்ப்யூட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. பிரஸ்ல அவசரம், சொல்லுங்கன்னா. நானும் எப்பவும் போல கட்டில்ல போய் உக்காந்து சொன்னேன்.

அடிச்சு முடிச்சு வாசிச்சா பாருங்க. நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்னு ஆரம்பிச்சு, பொண்ணு பேரு, மாப்பிள்ள பேரு, சுற்றமும் நட்பும் சூழ வரைக்கும், ஒரு எழுத்து பெசகல. இப்பதாங்க பளிச்சுனு தெரியுது, இதையே வெச்சுக்கலாம்னு சிரிச்சா. எனக்கு அப்படியொரு சந்தோஷம். எந்திரிச்சு அவ பக்கமாப் போய் நின்னு பாத்தேன்.

ஸ்க்ரீன் வெறும் கருப்பா இருந்துச்சு பாய்.

ஆமாம்மா, நல்லாருக்குன்னேன்.

முந்தாநேத்து மாத்துறப்ப, கம்ப்யூட்டர்லேருந்து ஸ்க்ரீனுக்குப் போற கேபிள இங்கயே விட்டுட்டுப் போயிருக்கேன். அந்தா, மேசை ஓரத்துல சுருட்டிக் கெடக்கே, அதுதான். அதக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க.