கட்டைய எடுங்க மச்சான்

கொக்கட்டிச்சோலை,
2009 ஆனி 14.

அன்புள்ள சின்னத்தங்கம் மாமிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மாங்கேணியில் வீட்டைக் கட்டி முடித்துத் தந்துவிட்டார்கள், முற்றத்தில் முருங்கை நட்டிருக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோசம். முருங்கையைச் சுவரோடு வைக்காதீர்கள். மயிர்க்கொட்டிப் புழு வீட்டுக்குள் வரும்.

நீங்கள் இரண்டு விசயம் கேட்டிருந்தீர்கள். மகன் எப்படிச் செத்தான் என்று ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை, கூட இருந்த நீங்கள் சொல்லுங்கள் என்பது ஒன்று. தர்சினியையும் பேத்தியையும் உங்களோடு வந்து இருக்க அனுப்புவேனா என்பது மற்றது. முதலாவதுக்கு ஒழுங்காக எழுதினால் இரண்டாவதுக்கும் அதிலேயே பதில் இருக்கும். வரிசையாக எழுதுகிறேன்.

2006 மாசி, வியாழக்கிழமை, காலை பத்து மணி கடந்திருக்கும். முற்றத்தில் நாலு பேர். பக்கத்து வளவுச் சீனித்தம்பியர் கவிழ்த்துப் போட்ட உரலில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என் தங்கச்சி தர்சினி குசினிப் படியில் இருந்து மீன் வெட்டினாள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். நான் உழவு மெசினின் வலது பின்பக்கம், சில்லுக் கழற்றிய இடத்தில் குந்தியிருந்தேன். உங்கள் மகன் கிரிசாந்த் மெசினுக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்திருந்தார்.

அந்த மெசின் எங்கள் அப்பாவுடையது. தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் மருத மரத்தடியில் விட்டது, விட்டபடியே கிடந்தது. டயர் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. புகைக்குழாயில் குளவி கூடு கட்டியது. இருக்கையில் ஆடு படுக்கும். பதினைந்து வருசத்துக்குப் பிறகு உங்கள் மகன்தான் அதைத் தோண்டி எடுத்து, ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பழைய சாரத்தை விரித்து வரிசையாக அடுக்கினார். கைவேலையில் அவரைப்போல் பொறுமையான ஆளை நான் கண்டதில்லை. இதை உங்களுக்கு ஆறுதலாக எழுதவில்லை. உண்மை அது.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை பெஞ்சாதி வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும். நான் அப்படித்தான் நாவலடிக்குப் போனேன். 2004 மார்கழியில் கடல் வந்த அன்று என் பெஞ்சாதி வதனியின் வீடும் போனது, வதனியும் போனாள், மகளும் போனாள். மகளின் கையை நான் பிடித்திருந்தேன். தென்னையைப் பிடிக்க எனக்கு ஒரு கை தேவைப்பட்டது. அதற்குப் பிறகு உடுத்திருந்த உடுப்போடு தர்சினி வீட்டுக்கு வந்தேன். அப்பா அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்த தங்கச்சி. என்றாலும் வீடு அவளுடையது. நான் அங்கே வந்து நிற்கிற ஆள்.

அதே கடல் உங்கள் மகளையும் கொண்டுபோனது. உங்கள் வளவு அவளுக்கு வரவேண்டியது. அவள் இல்லையென்றபடியால் மகனையும் மருமகளையும் வந்து இருக்கச் சொன்னீர்கள். அதில் பிழை சொல்லமாட்டேன். கிரிசாந்தும் சம்மதித்தார். மெசினை ஓட வைத்து, பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவி, சாமான் சட்டி எல்லாவற்றையும் ஏற்றி, மண்முனையில் பாதைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்து, வீதியால் மாங்கேணிக்கு ஓட்டிப் போவது அவருடைய திட்டம். அங்கே உடைந்த வீடுகளுக்கெல்லாம் கல்லும் மண்ணும் ஏற்றலாம், மெசினுக்கு வேலை ஓயாது என்றார். “வீட்ட அண்ணன் பாத்துக்கொள்வார்தானே” என்று தர்சினி சொன்னாள். அவள் அதைச் சந்தோசமாகத்தான் சொன்னாள்.

ஆகவே கணக்கு எளிது. மெசின் ஓடினால் அவர்கள் போவார்கள். ஓடாவிட்டால் இருப்பார்கள்.

எடுத்தவுடனே நான் ஒரு மனிதனில் கை வைக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் பத்தொன்பது வருசம் கடிதம் எழுதியவன் என்றபடியால், உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக் கடைக்கு எழுதுவது என் பொறுப்பாக இருந்தது. பாகத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைக் கிரிசாந்த் துடைத்துப் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். அதில் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதினேன். ஐந்து கிழமைக்குப் பிறகு பிழையான சாமான் வந்தது. திருப்பி அனுப்பி எழுதினோம். அடுத்ததையும் மாற்றினேன். மூன்றாம் முறையும் பிழையாக வந்தபோது அவர் பார்சலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

“கொழும்பில இருக்கிறவனுக்கு மூண்டும் எட்டும் ஒண்டுதான் போல மச்சான்.”

என்னை அவர் சந்தேகப்படவில்லை. என் எழுத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. பிறகு தானே டவுனுக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பழைய மெசின் ஒன்றில் கழற்றிய சரியான பாகத்தைக் கொண்டுவந்துவிட்டார். தை மாதம் பொங்கலுக்கு மூன்றாம் நாள் எஞ்சின் பற்றியது. கறுப்புப் புகை மருத மரத்தை மூடியது. சத்தம் கேட்டு ஊர்ச்சனம் வேலியில் வந்து நின்றது. “செத்த எருமை கத்துதடா” என்றார் சீனித்தம்பியர். தர்சினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன். பின்சில்லு பிறேக் மட்டும் மிச்சம் என்றார் கிரிசாந்த். அது முடிந்தால் மாசி முதல் திங்கள் புறப்படலாம்.

அந்தத் திங்களுக்கு முந்திய வியாழன்தான் நான் சொல்வது.

மெசினைத் தூக்கி நிறுத்துகிற ஜக்கை உங்கள் மகன் நம்பமாட்டார். அந்த ஜக்கு எண்ணெய் கசிகிறது. பாரம் ஏற்றி வைத்தால் அரை மணித்தியாலத்தில் ஒரு விரல் அளவுக்கு இறங்கும். ஆகையால் அச்சுக்குக் கீழே மூன்று முதிரைக் கட்டையை அடுக்கி, பாரத்தை அதில் இருத்திவிட்டுத்தான் உள்ளே போவார். அன்று அடுக்குச் சற்றுச் சரிந்து நிற்கிறது என்று, கீழே கிடந்தபடியே என்னை ஜக்கின் பிடியை இரண்டு முறை அடித்து உயர்த்தச் சொன்னார். அடித்தேன். பாரம் ஜக்குக்கு வந்தது, கட்டைகள் தளர்ந்தன. நாலாவது கட்டை ஒன்று என் முழங்காலடியில் கிடந்தது. அதையும் அடுக்கில் செருகி இறுக்கவேண்டும். இதுதான் அவருடைய எண்ணம், இது எனக்கு விளங்கும், முதல்நாளும் இப்படித்தான் செய்தோம்.

உள்ளே இருந்து சொன்னார்: “கட்டைய எடுங்க மச்சான்.”

எடு என்ற சொல்லை நாங்கள் எப்படிப் பாவிக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அடுக்களையில் அகப்பையை எடு என்றால் கொண்டுவந்து தா. பாயில் கிடக்கிற உடுப்பை எடு என்றால் அங்கிருந்து அகற்று. ஒரே சொல். எது என்பது கேட்கிறவனின் கையில் இருக்கிறது.

நான் கட்டையை எடுத்தேன். அடுக்கில் இருந்த மூன்றையும், மேலே இருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பக்கத்தில் வைத்தேன். சீனித்தம்பியர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேலை நடக்கிறது என்று நினைத்தார். கிரிசாந்த் உள்ளே கதைத்துக்கொண்டிருந்தார்.

“மாங்கேணிக்குப் போனா இதுக்குக் கடல்காத்துப் படும் மச்சான். ரெண்டு வருசத்தில திரும்பவும் துருப் பிடிச்சிரும். அப்பவும் சாமானுக்கு நீங்கதான் எழுதவேணும், ஓம்தானே?”

ஓம் என்றேன். அவருக்கு நான் சொன்ன கடைசிச் சொல் அது. பிறகு மெசின் இறங்கியது.

தர்சினி ஓடிவந்து வெறும் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். நான்தான் அவளை இழுத்தேன். அதற்குள் வலது கையில் இரண்டு விரல் நசிந்துவிட்டது. பெட்டி பூட்டிய இரண்டு சில்லுக் கைமெசினில் அவரை ஏற்றிக்கொண்டு வவுணதீவால் போனோம். இந்தப் பக்கம் இயக்கத்தின் சாவடியிலும் மறித்தார்கள், அந்தப் பக்கம் ஆமியின் சாவடியிலும் மறித்தார்கள். ஆசுபத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இருக்கவில்லை. அவர் அதிகம் வேதனைப்படவில்லை என்று உங்களுக்கு முன்னம் சொன்னவர்கள் சொன்னது சரி.

மரண விசாரணையில் நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கட்டையை எடுக்கச் சொன்னார், நான் எடுத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. சீனித்தம்பியரும் அப்படித்தான் கேட்டது என்றார். தர்சினி கட்டுப்போட்ட கையோடு நின்று, “எடுங்க எண்டுதான் சொன்னவர், என்ர காதால கேட்டன். அண்ணனில பிழை இல்ல” என்றாள். விசாரித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, விளக்கப்பிழையால் நேர்ந்த விபத்து என்று எழுதினார். என் தோளில் தட்டினார். பழைய ஜக்கு, எண்ணெய் கசிகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

அரை மணித்தியாலத்துக்கு ஒரு விரல் இறங்குகிற ஜக்கு ஒரே மூச்சில் எப்படி இறங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை, மாமி. நீங்கள் ஒழுங்காகச் சொல்லச் சொன்னபடியால் எழுதுகிறேன். ஜக்கின் அடியில் ஒரு சிறிய திருகாணி இருக்கிறது. அதைத் திருப்பினால் எண்ணெய் உள்ளே திரும்பும், பாரம் இறங்கும். கட்டைகளை எடுத்து வைத்த பிறகு, ஓம் என்று சொன்ன பிறகு, அதை நான் திருப்பினேன். கட்டைக்கு ஒரு சொல் இருந்தது. திருகாணிக்கு ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இனி இரண்டாவது விசயம்.

2007இல் சண்டை மூண்டு செல் விழத் தொடங்கியபோது எல்லோரும் ஆற்றைக் கடந்து முகாமுக்குப் போனோம். சீனித்தம்பியர் அங்கேயே காலமானார். பிள்ளை விதுர்ஷா அங்கேதான் நடக்கப் பழகினாள். திரும்பி வந்தபோது வீட்டின் கூரை இல்லை, மெசின் மட்டும் நின்றது. கூரை போட்ட பிறகு நானே சில்லைப் பூட்டினேன். கிழமைக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுகிறேன். சீற்றைத் தைத்து, மெசினின் பேரெழுத்துக்குச் சிவப்பு நிறமும் அடித்திருக்கிறேன். பிள்ளை ஏறியிருந்து சுக்கானைத் திருப்பி விளையாடுவாள். எண்ணெய்க்குழாய் ஒன்றைக் கழற்றி வைத்திருக்கிறேன், பாதுகாப்புக்காக.

உங்கள் கடிதத்தை நான்தான் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். வருகிறாள். இரண்டு நாளாகச் சாமான் கட்டுகிறாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள், அதை நீங்கள் அறியவேண்டும். “அண்ணனத் தனிய விட்டுட்டு வரமாட்டன். அவருக்கும் ஆர் இருக்கினம். மூண்டு பேருமா வாறமெண்டு எழுதுங்க” என்றாள். விரல் நசிந்த கையால் அவளுக்கு எழுத வராதபடியால் அவளுடைய கடிதத்தையும் நானே எழுதுகிறேன். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை மூன்று. எங்களை வரச்சொல்லி, உங்கள் மகனைக் கொன்றவனுக்கு உங்கள் கையால் சோறு போடலாம். அல்லது என்னை வேண்டாம் என்று, அதற்குக் காரணத்தைத் தர்சினியிடம் சொல்லலாம். விசாரணையில் தன் வாயால் என்னைக் காப்பாற்றியது தான்தான் என்று அவள் அப்போது அறிவாள். மூன்று வருசம் அந்த நசிந்த கையால் எனக்குச் சமைத்தவள். பொலிசுக்குக் காட்டினாலும் அவர்கள் வந்து கேட்கப்போவது அவளைத்தான், உயிரோடு இருக்கிற சாட்சி அவள் மட்டும்தான். அவளுக்கு அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். உங்கள் பேத்திக்கு இருப்பது ஒரு தாய். நீங்கள் ஒரு பிள்ளையைக் கடலுக்கும் ஒரு பிள்ளையை எனக்கும் கொடுத்தவர். மூன்றாவதாக ஒருத்தியை நீங்கள் கொடுக்கமாட்டீர்கள்.

மிச்சம் இருக்கிறது ஒரு வழி. வீடு சின்னது, கடல் வந்த பிறகு கிணறு உப்பு, பிள்ளைக்கு ஒத்துவராது, இப்போதைக்கு வரவேண்டாம் என்று இரண்டு வரி. உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று அதை ஒரு தாளில் எழுதியே வைத்திருக்கிறேன். நீங்கள் கையொப்பம் மட்டும் போட்டால் போதும். எங்கள் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறை ஒன்றும் உள்ளே இருக்கிறது.

என்னைப் பொல்லாதவன் என்று நினைப்பீர்கள். நினையுங்கள். ஆனால் கடல் கொண்டுபோனது போக என்னிடம் மிஞ்சியதை நான் கைவிடவில்லை. அதை ஒருவரும் மறுக்க முடியாது.

தர்சினி வந்து நிற்கிறாள். உறை ஒட்ட ஒரு பிடி சோறு கொண்டுவந்திருக்கிறாள். தபாற்கந்தோர் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும் என்கிறாள். தானே கொண்டுபோய்ப் போடுகிறாளாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறது. “நாங்க வாறமெண்டு எழுதிட்டீங்களா அண்ணன்?” என்று கேட்கிறாள். எல்லாம் எழுதியிருக்கிறேன் என்கிறேன். மடிக்கிறேன். ஒட்டி அவள் கையில் கொடுக்கப்போகிறேன். அவள் விரும்பினால் வழியில் உடைத்துப் பார்க்கலாம், விரும்பினால் அப்படியே பஸ் ஏறலாம். இந்த வீட்டின் படலையை நான் ஒருநாளும் பூட்டியதில்லை, மாமி.

இப்படிக்கு,
அன்புள்ள மருமகன்
க. நாகரெத்தினம்