கை நனைத்த வீடு

"அந்த வீட்டில சாப்பிட்டதுதான் நான் விட்ட பிழை."

மாலை நேரத்து கிளென் வேவர்லி ரயிலில் என் எதிர் இருக்கைப் பெண் சொன்னாள். மடியில் லேப்டாப், பேச்சு யாழ்ப்பாணம். பக்கத்தில் இருந்த தோழி தமிழ்நாட்டுக்காரி.

"சாப்பிட்டதுல என்ன தப்பு?"

"தெரிஞ்ச அங்கிள் ஒருத்தற்ற மரக்கறிக் கடைக்கு வெப்சைட் செய்யிறதைப் பற்றிக் கதைக்கப் போனனான். அன்ரி புட்டும் கணவாய்க் கறியும் வச்சா. கை கழுவிப்போட்டு வரேக்குள்ள நான் 'எங்கட பிள்ளை' ஆகிட்டன்."

"நல்லதுதானே. உன்னை நம்பிட்டாங்க."

"நம்பினதுதான் கரைச்சல். ஞாயிற்றுக்கிழமை விடிய ஆறு மணிக்கு போன் எடுத்து, 'பிள்ளையார் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு பிள்ளை' எண்டுறார். இது ஒன்பதாம் தரம். இப்ப கடையின்ர பேரைத் தேட வேண்டிக் கிடக்கு."

"எத்தனை தடவை மாத்தித் தருவேன்னு முதல்லயே எழுதி, கையெழுத்து வாங்கிருக்கலாம்ல?"

"அந்தப் பேப்பர் என்ர பைக்குள்ளதான் கிடந்தது. அன்ரி ரெண்டாந்தரம் கறி விடேக்குள்ள அதை எப்பிடியடி எடுத்து நீட்டுறது?"

தோழி பெருமூச்சு விட்டாள். "இனிமே யாரா இருந்தாலும் காபிக் கடைக்கு வரச் சொல்லு."

"ஓம். இனி ஒருத்தற்ற வீட்டிலயும் கை நனைக்க மாட்டன்."

மவுண்ட் வேவர்லி நிலையத்தில் கதவு திறந்தபோது அவளுடைய போன் அடித்தது.

"ஓம் அன்ரி, நான்தான். மரக்கறிக் கடை அங்கிளோ நம்பர் தந்தவர்? ஓம், உங்கட கடைக்கும் வெப்சைட் செய்யலாம். சனிக்கிழமை வீட்டை வாறன்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். தோழியின் பக்கம் திரும்பவே இல்லை.

"சைவமில்லை அன்ரி. மீன் சாப்பிடுவன்."